பேஸ்மேக்கருக்குள் இருக்கும் எண்கள்

2002ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 'டேவிட்' என்ற பெயரில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்த 506 பேரின் நெஞ்சில் ஒரே வகைக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. உயிருக்கு ஆபத்தான படபடப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் கருவி அது. தேவைப்பட்டால் சாதாரண பேஸ்மேக்கரைப் போல இதயத்தைத் துடிக்கவும் வைக்கும். ஒரு பகுதியினரின் கருவிக்கு, நாடி நிமிடத்துக்கு 40க்குக் கீழே இறங்கினாலொழியத் தலையிட வேண்டாம் என்று கட்டளை எழுதப்பட்டது. மற்றப் பகுதியினருக்கு, நாடியை 70க்குக் குறையவிடாமல் இதயத்தின் மேலறையையும் கீழறையையும் துடிக்க வைக்கும்படி கட்டளை. இரண்டாவது முறைதான் நன்மை தரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, மரணமும் இதயச் செயலிழப்பால் வைத்தியசாலை அனுமதியும் இன்றித் தப்பியவர்கள் முதற்பகுதியில் 83.9 வீதம், இரண்டாம் பகுதியில் 73.3 வீதம்.

ஒரே கருவி, ஒரே சத்திரசிகிச்சை. வேறுபட்டவை உள்ளே எழுதப்பட்ட எண்கள் மட்டும். கூடுதலாக வேலை செய்த கருவிதான் கூடுதலாகக் கெடுதி செய்தது. கருவியை வைத்துத் தைத்து அனுப்புவதோடு வைத்தியம் முடிந்துவிடாது என்பதை இதய மருத்துவர்கள் இந்த ஆய்வில் தெளிவாகக் கண்டார்கள். அது எப்போது தட்ட வேண்டும், எங்கே தட்ட வேண்டும், எத்தனை வோல்ற்றில் தட்ட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் அளந்து வைப்பது வைத்தியத்தின் மறுபாதி.

வன்னியில் இருப்பவர்களுக்குத் தூரமாக இருப்பது இந்த மறுபாதிதான். நெளுக்குளத்தில் இருக்கும் ஒருவர் மன்னார் வீதியால் சிறிது நேரத்தில் வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்விடலாம். இ.சி.ஜி எடுக்கலாம், குளிசை வாங்கலாம், கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் நெஞ்சில் கருவி பொருத்தியவர், அதைப் பொருத்திய வைத்தியசாலைக்கே பரிசோதனைக்கும் போவதுதான் பொதுவான வழக்கம். அது யாழ்ப்பாணம் என்றால் நூறு கிலோமீற்றரைத் தாண்டிய பயணம்; கொழும்பு என்றால் இருநூற்றைம்பதையும் தாண்டும். நடக்கவே இளைப்பு வாங்கும் ஒருவர் 'கருவி வேலை செய்யுதுதானே' என்று ஒரு தவணையைத் தள்ளிப்போடுவது இயல்பு. அந்தத் தவணையில் என்ன நடக்கிறது, அதைத் தவறவிட்டால் எது கெடும் என்பதை விளங்கிக்கொள்ள இதயத்தின் மின்பாதையிலிருந்து தொடங்க வேண்டும்.

மின் ஓடும் பாதை

இதயத்தின் மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள். வலது சோணையறையின் மேற்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய திசுத் திரள், ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்தூண்டலை எழுப்புகிறது. இதை 1907இல் ஆதர் கீத், மாட்டின் ஃபிளாக் இருவரும் விவரித்தார்கள். அங்கே எழும் தூண்டல் சோணையறைகளைச் சுருக்கிவிட்டு, நடுவிலுள்ள ஒரு கணுவில் சற்றுத் தரித்து நிற்கிறது. யப்பானியரான சுனாவோ தவாரா ஜேர்மனியில் ஆய்வு செய்து 1906இல் எழுதிய நூலில் விளக்கிய கணு அது. சோணையறைகள் தம்மிடமுள்ள இரத்தத்தைக் கீழே தள்ளி முடிப்பதற்கு அந்தத் தாமதமே அவகாசம். பிறகு தூண்டல் ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது கிளை, இடது கிளை என்று பிரிந்து, நுண்ணிய நார்கள் வழியே இரண்டு இதயவறைகளின் தசையெங்கும் பாய்கிறது.

இதயவறைகளுக்குள் மின் பரவி முடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை இ.சி.ஜி தாளே காட்டும். கூராக உயர்ந்து தெரியும் கியூ.ஆர்.எஸ் அலையின் அகலம்தான் அந்த நேரம். நல்ல இதயத்தில் அது 120 மில்லிசெக்கனுக்குள் அடங்கும். இடது கிளை பழுதானால் 150 மில்லிசெக்கனையும் தாண்டலாம். அப்போது இரு இதயவறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் முதலில் சுருங்கிவிடும். இடது பக்கத்து வெளிச்சுவருக்குத் தூண்டல் வந்துசேர்வதற்குள் நடுச்சுவர் தளரத் தொடங்கியிருக்கும். நனைந்த போர்வையை இரண்டு பேர் பிடித்து முறுக்கும்போது, ஒருவர் முறுக்கி முடித்துக் கையைத் தளர்த்திய பிறகு மற்றவர் முறுக்கத் தொடங்கினால் எவ்வளவு தண்ணீர் வெளியேறும்? வெளிச்சுவர் சுருங்கும்போது இரத்தத்தின் ஒரு பங்கு பெருநாடிக்குப் போகாமல் உள்ளேயே அலைமோதும். இருகூர் வால்வு ஒழுங்காக மூடாமல் பின்னோக்கியும் கசியும்.

ஏற்கெனவே வலுவிழந்த இதயத்துக்கு இந்த வீண்செலவு தாங்காது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்' என்று எழுதுவார்கள். நல்ல நிலையில் அது 55 வீதம் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். 40 வீதத்துக்கு இறங்கினால் கால் வீங்கலாம், படுத்தால் மூச்சு முட்டலாம், முற்றத்தைக் கூட்டவே களைப்பாகலாம். இந்த நிலையைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம்.

முதல் விதி: தேவையில்லாமல் தட்டாதே

மனித உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி சுவீடனின் தலைநகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. பொறியியலாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஓகே சென்னிங் பொருத்தினார். அது சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன் தன் வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு 2001வரை, 86 வயதுவரை வாழ்ந்தார். அந்தக் காலத்துக் கருவிகள் இதயம் தானாகத் துடிக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. உணர்ந்து தட்டுவது, தேவையறிந்து ஒதுங்குவது, ஓடும்போது வேகத்தைக் கூட்டுவது ஆகிய திறமைகள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. ஒவ்வொரு திறமையோடும் ஓர் எண் வந்தது. ஒவ்வொரு எண்ணோடும் பிழைவிடும் வாய்ப்பும் வந்தது.

வழக்கமான பேஸ்மேக்கரின் கீழ்வயர் வலது இதயவறைக்குள் செருகப்படும். அங்கிருந்து தட்டும்போது மின்தூண்டல் இயற்கையான பாதையை விட்டுவிட்டுத் தசைக்குள்ளாக மெல்ல ஊர்கிறது. இடது கிளை பழுதானால் என்ன நடக்குமோ, ஏறக்குறைய அதேதான் இங்கும் நடக்கும். டேவிட் ஆய்வில் கெடுதி செய்தது நாடியின் வேகமா, அல்லது கீழ்வயரா என்ற கேள்விக்கு அடுத்த ஆய்வு விடை தந்தது. 2009இல் வெளிவந்த இரண்டாவது டேவிட் ஆய்வில் அதே 70 என்ற வேகத்தை மேலறையில் மட்டும் தட்டிக் கொடுத்தார்கள். 40இல் விட்டதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே குற்றம் கீழ்வயரின் பக்கம். 'மோஸ்ட்' என்ற ஆய்வின் தரவுகளும் அதற்குமுன்பே இதைச் சொல்லியிருந்தன: கீழறையை 40 வீதத்துக்கு மேல் கருவியே துடிக்கவைத்தவர்கள் இதயச் செயலிழப்போடு வைத்தியசாலைக்கு வரும் ஆபத்து, குறைவாகத் தட்டப்பட்டவர்களைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு.

இதற்கு மாற்று மலிவானது, சத்திரசிகிச்சை தேவையில்லை. மேலறை துடித்ததும் கருவி எவ்வளவு நேரம் காத்திருந்து கீழறையைத் தட்டுகிறது என்பது ஓர் எண். அதைக் கொஞ்சம் நீட்டிவிட்டால், தாமதமாக வந்தாலும் இயற்கையான தூண்டலே வந்து வேலையை முடித்துவிடும். கருவி சும்மா இருக்கும். இதைத் தானாகவே செய்யும் ஏற்பாடுகளும் கருவிகளில் உண்டு. 2007இல் வெளிவந்த 'சேவ் பேஸ்' ஆய்வில் அப்படிச் செய்தபோது கீழறையைத் தட்டும் அளவு 99 வீதத்திலிருந்து ஏறத்தாழ 9 வீதத்துக்கு இறங்கியது. சோணையறைகள் ஒழுங்கற்றுத் துடிக்கும் குலைதுடிப்பு நீடித்து நிற்பது 12.7 வீதத்திலிருந்து 7.9 வீதத்துக்குக் குறைந்தது.

ஆனால் நடுக்கணு முற்றாக அடைபட்டவருக்கு இந்த வழி உதவாது. அவருக்குக் கருவி தட்டாத ஒரு கணமும் ஆபத்து. அப்படிப்பட்டவரின் இதயம் ஏற்கெனவே வலுக்குறைந்ததாகவும் இருந்தால் வலதுபக்கம் மட்டும் தட்டுவதைவிட இரண்டு பக்கமும் தட்டுவதே நல்லது என்பதை, 691 பேரைக் கொண்டு 2013இல் வெளிவந்த 'பிளாக் எச்.எஃப்' ஆய்வு காட்டியது.

இரண்டாம் விதி: தட்டுவதானால் ஒன்றும் தவறக்கூடாது

இரண்டு பக்கமும் தட்டும் கருவியைச் சுருக்கமாக சி.ஆர்.டி என்பார்கள். மூன்றாவது வயர் ஒன்று இதயத்தின் சொந்த நாளத்துக்குள்ளாகப் போய், தாமதமாகச் சுருங்கும் இடது வெளிச்சுவரின்மேல் அமரும். பிரான்சில் செர்ஜ் காசோவும் அவருடைய கூட்டாளிகளும் 1994இல் இதயத்தின் நான்கு அறைகளையும் தூண்டிய முதல் அனுபவத்தை வெளியிட்டார்கள். 2005இல் வெளிவந்த 'கேர் எச்.எஃப்' ஆய்வு இதன் பலனை உறுதிப்படுத்தியது. 813 நோயாளிகளைச் சராசரியாக 29 மாதங்கள் தொடர்ந்து பார்த்ததில், குளிசை மட்டும் எடுத்தவர்களில் 30 வீதமானோரும் கருவியும் பொருத்தியவர்களில் 20 வீதமானோரும் இறந்திருந்தார்கள். கியூ.ஆர்.எஸ் அகலமாக இருப்பவர்களுக்கே இது பொருந்தும். அலை ஒடுங்கியிருப்பவருக்குப் பொருத்தினால் நன்மை இல்லை, தீமையும் வரலாம் என்பதை 2013இல் வெளிவந்த 'எக்கோ சி.ஆர்.டி' ஆய்வு காட்டிவிட்டது.

சாதாரண பேஸ்மேக்கரில் எவ்வளவு குறைத்துத் தட்டலாம் என்று பார்த்தோம். இங்கே கணக்கு தலைகீழ். சி.ஆர்.டி தட்டாமல் விட்ட ஒவ்வொரு துடிப்பும் பழைய கோணல் துடிப்புத்தான். ஏறத்தாழ 37,000 நோயாளிகளின் கருவிப் பதிவுகளை அலசி 2011இல் வெளியிட்டபோது, 98 வீதத்துக்கு மேல் துடிப்புகள் கருவியால் நடந்தவர்களிடமே மரணம் மிகக் குறைவு என்று தெரிந்தது. 90 வீதம் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நல்ல புள்ளி, சி.ஆர்.டிக்குப் போதாது.

அந்த வீதம் ஏன் இறங்குகிறது? சோணையறைகள் ஒழுங்கற்றுத் துடித்தால் இறங்கும். இதயவறையிலிருந்து இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் மிகுந்தால் இறங்கும். கருவி காத்திருக்கும் நேரம் நீண்டுவிட்டாலும் இறங்கும். இன்னொரு காரணம் வயலில் வேலை செய்பவருக்கு முக்கியமானது. மேலறையின் வேகத்தைக் கருவி எதுவரை பின்தொடரலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது 120 என்று வைக்கப்பட்டிருக்க, மண்வெட்டி பிடிக்கும் ஒருவரின் நாடி 125க்கு ஏறினால் கருவியால் எல்லாத் துடிப்பையும் பின்தொடர முடியாது. அவர் மிகவும் உழைக்கும் நேரம் பார்த்து இதயத்தின் ஒழுங்கு குலையும். கதிரையில் உட்காரவைத்து எடுக்கும் இ.சி.ஜியில் இது தெரியாது. 'வெட்டத் தொடங்கினால்தான் இளைக்குது' என்று அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவர் அந்த உச்சவரம்பைத் தேடிப் பார்ப்பார்.

கருவி காட்டும் வீதத்தையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. இயற்கைத் தூண்டல் வந்துவிட்ட அதே கணத்தில் கருவியும் தட்டினால், தசையில் ஒரு பயனும் இல்லாவிட்டாலும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். நோயாளிக்குச் சுகமில்லை, கருவியோ 97 வீதம் என்கிறது என்றால், பன்னிரு முனை இ.சி.ஜியையும் நாள் முழுதும் பதியும் ஹோல்ட்டர் பரிசோதனையையும் வைத்துத்தான் உண்மையை அறிய முடியும்.

மில்லிசெக்கன் கணக்கு

மேலறை துடித்ததற்கும் கீழறையைத் தட்டுவதற்கும் நடுவிலுள்ள நேரத்தை ஏ.வி. இடைவெளி என்கிறார்கள். தவாராவின் கணு செய்யும் வேலையைக் கருவி செய்யும் இடம் இது. இடைவெளி மிகவும் குறுகினால், சோணையறை இரத்தத்தைத் தள்ளி முடிக்குமுன்பே இதயவறை சுருங்கி வால்வை மூடிவிடும். மிகவும் நீண்டால் இரத்தம் நிரம்பும் நேரம் குறுகும், வால்வு கசியும், இயற்கைத் தூண்டலும் முந்திவிடும். பெரும்பாலும் 100 முதல் 120 மில்லிசெக்கனில் தொடங்குவார்கள். மேலறையையும் கருவியே துடிக்கவைப்பதானால் இன்னும் கொஞ்சம் கூட்டுவார்கள். வலது சோணையறையில் தட்டிய தூண்டல் இடது சோணையறைக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும் அல்லவா? எக்கோ ஸ்கானில் இருகூர் வால்வு வழியே இரத்தம் பாயும் இரண்டு அலைகளையும் பார்த்துக்கொண்டே இடைவெளியைக் கூட்டிக் குறைத்துச் சரியான இடத்தைப் பிடிப்பது பழைய முறை. இடது, வலது வயர்களில் எது எத்தனை மில்லிசெக்கன் முந்த வேண்டும் என்பது இன்னோர் எண், அதை வி.வி. இடைவெளி என்பார்கள்.

இப்படி ஒவ்வொருவருக்கும் நுணுக்கமாகத் திருத்தினால் எல்லோரும் மேலும் குணமடைவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். சோதனை முடிவுகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. 2010இல் வெளிவந்த 'ஸ்மார்ட் ஏ.வி' ஆய்வில் 980 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 120 மில்லிசெக்கன் என்று நிரந்தரமாகவும், ஒரு பகுதியினருக்கு எக்கோ பார்த்தும், ஒரு பகுதியினருக்குக் கருவியின் சொந்தக் கணிப்பாலும் இடைவெளி வைத்தார்கள். ஆறு மாதத்தில் இதயவறையின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தன் இடைவெளியைத் தானே அடிக்கடி திருத்திக்கொள்ளும் கருவியை 3,600க்கும் மேற்பட்டோரிடம் சோதித்த 'அடாப்ற் ரெஸ்பொன்ஸ்' ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதிலும் மரணத்தையும் இதயச் செயலிழப்பையும் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் தெளிவான வெற்றி கிட்டவில்லை.

அப்படியானால் திருத்துவது வீண்வேலையா? கருவி வைத்ததும் நன்றாகத் தேறிவருபவரிடம் மில்லிசெக்கன்களைத் தோண்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதுதான் இவற்றின் பாடம். சி.ஆர்.டி பொருத்தியவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் எதிர்பார்த்தபடி தேறுவதில்லை. கவனத்தை அவர்களிடம் குவிக்க வேண்டும். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் அப்படித் தேறாத 75 பேரை வரிசையாக ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். 47 வீதமானோரிடம் ஏ.வி. இடைவெளி சரியில்லாமல் இருந்தது. இதயத்துடிப்புக் கோளாறு, இரத்தசோகை, வயர் சரியான இடத்தில் இல்லாமை, குளிசைகளின் அளவு போதாமை ஆகியவையும் பலரிடம் வெளிப்பட்டன. திருத்தக்கூடிய குறைகளே இவற்றுள் அதிகம்.

மின்னதிர்ச்சி தரும் கருவிகளில் எண்களின் வலிமை இன்னும் வெளிப்படையானது. 1,500 பேரைக் கொண்ட 'மாடிட் ஆர்.ஐ.ரி' ஆய்வு 2012இல் வந்தது. நாடி 170ஐத் தொட்டதும் பாயும்படி கருவியை வைப்பதற்குப் பதிலாக 200ஐத் தாண்டினால் மட்டும் பாயும்படி வைத்தபோது, வீண் மின்னதிர்ச்சிகள் வெகுவாகக் குறைந்தன, மரணமும் 6.6 வீதத்திலிருந்து 3.2 வீதத்துக்கு இறங்கியது. ஓர் எண்ணை மாற்றியதற்குக் கிடைத்த பலன் இது. ஒரு சதமும் செலவில்லை.

அடிப்படை வேகமும் அப்படியான ஓர் எண்தான். பல கருவிகள் 60 என்ற எண்ணோடு வருகின்றன. பலருக்கு அதை யாரும் தொடுவதே இல்லை. ஈ.எஃப் இறங்காமல் இதயம் விறைத்துப்போவதால் வரும் இதயச் செயலிழப்பு ஒருவகை. அமெரிக்காவின் வேர்மொன்ட்டில் 107 பேரிடம் நடந்து 2023இல் வெளிவந்த 'மைபேஸ்' ஆய்வு அப்படிப்பட்டவர்களையோ அந்த நிலைக்கு நெருங்கியவர்களையோ எடுத்துக்கொண்டது. இதயத்துக்குக் கெடுதி செய்யாத முறையில் தட்டும் கருவி உள்ளவர்களாகத் தெரிந்தெடுத்து, ஆளுக்கேற்ப வேகத்தை ஏறத்தாழ 75க்கு உயர்த்தியபோது வாழ்க்கைத்தரமும் இரத்தப் பரிசோதனை முடிவும் சிறந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் 60 என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல என்பதற்கு இது போதிய சாட்சி. கீழ்வயரால் தட்டும் சாதாரணக் கருவிக்கு இந்த முடிவை அப்படியே எடுத்துப் பொருத்தவும் கூடாது. டேவிட் ஆய்வு காட்டியது நினைவிருக்கட்டும்.

மதுரையும் ஒரு புதுவழியும்

தசைக்குள் தட்டுவதே பிழையின் வேர் என்றால், பழுதான இடத்தைத் தாண்டி இயற்கையான மின்பாதையிலேயே தட்டினால் என்ன? ஹிஸ் கற்றையில் நிரந்தரமாகத் தட்டிய அனுபவத்தை அமெரிக்காவில் பிரமோத் தேஷ்முக் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். சீனாவின் வென்சோ நகரத்து மருத்துவர் ஹுவாங் வெய்ஜியானின் குழு, நடுச்சுவரை வலது பக்கத்திலிருந்து வயரால் துளைத்து உட்சென்று இடது கிளையைத் தொடும் முறையை 2017இல் அறிவித்தது. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சண்முகசுந்தரம் பொன்னுச்சாமி இந்த முறையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருபவர். வயர் சுவரைத் துளைத்துச் செல்லும்போது இ.சி.ஜியில் தோன்றும் குறிப்பிட்ட வடிவத் துடிப்புகளைப் பார்த்து, இடது கிளையை எட்டிவிட்டோமா என்று அறியும் வழியை அவரது குழு விவரித்தது. அவரோடு சேர்ந்து பல ஆய்வுகளை எழுதியவர், பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன். 1,778 நோயாளிகளைப் பற்றி விஜயராமன் தலைமையில் 2023இல் வெளிவந்த ஒப்பீட்டில், இடது கிளையில் தட்டியவர்களில் 20.8 வீதமானோரும் வழக்கமான சி.ஆர்.டியில் 28 வீதமானோரும் மரணத்தையோ இதயச் செயலிழப்பால் வைத்தியசாலை அனுமதியையோ சந்தித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு அல்ல அது. அப்படிப்பட்ட பெரிய ஆய்வுகள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன.

வருமானம் குறைந்த நாடுகளுக்கு இந்த முறை கவர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் விலை. மூன்று வயர்க் கருவியின் வேலையைப் பல வேளைகளில் இரண்டு வயர்க் கருவியே செய்துவிடலாம். ஆனால் இங்கும் எண்கள் விடுவதில்லை. மின்னழுத்தம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால்தான் இடது கிளை தூண்டப்படும். கொஞ்சம் குறைந்தால் சுவரின் தசை மட்டும் தூண்டப்படும். நாடி பிடித்தால் வேறுபாடு தெரியாது. கருவியைப் படித்து, இ.சி.ஜியின் வடிவத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

வன்னியில் கவனிக்க வேண்டியவை

வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகள், அயலிலுள்ள வடமத்திய மாகாணத்தைப் போலவே, காரணம் முழுமையாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டவை. இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற அவசியமான குளிசைகள் இரத்தத்தில் பொற்றாசியத்தைக் கூட்டும். சிறுநீரகம் பழுதானவரிடம் அது ஆபத்தான அளவுக்கு ஏறலாம். பொற்றாசியம் மிகுந்தால் இதயத்தசை கருவியின் தட்டுக்கு எளிதில் இணங்காது. கருவி ஒழுங்காகத் தட்டும், இதயம் துடிக்காது. அதனால்தான் தேவையான குறைந்தபட்ச வோல்ற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கை வைத்துப் பாதுகாப்பு இடைவெளி விடுகிறார்கள். சிறுநீரக நோயும் பேஸ்மேக்கரும் உள்ள ஒருவருக்குத் தலைசுற்றினால் இரத்தத்தில் பொற்றாசியத்தைப் பார்ப்பது முதல் வேலைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இளநீர், கீரை போன்றவற்றை எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் கிளினிக்கில் கேட்டறிய வேண்டும்.

வோல்ற்றைத் தாராளமாக வைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைக்கலாம். வோல்ற்று இரட்டித்தால் ஒவ்வொரு தட்டுக்கும் செலவாகும் மின்சக்தி நான்கு மடங்காகும். கருவி பொருத்திய முதல் மாதங்களில் வயர் முனை ஆறி நிலைக்கும்வரை அழுத்தத்தைக் கூட்டியே வைப்பார்கள். பிறகு வரும் தவணையில் குறைப்பார்கள். தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதி இல்லாத கருவியோடு அந்தத் தவணைக்குப் போகாதவரின் பற்றரி, பல வருடங்கள் முந்தியே தீர்ந்துபோகலாம். தவணையைத் தவறவிடுவதன் செலவு இன்னொரு சத்திரசிகிச்சையாக வந்து நிற்கும்.

உடல் அசைவை உணர்ந்து நாடியைக் கூட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. கிறவல் வீதியில் லாண்ட்மாஸ்ரரில் குலுங்கிக்கொண்டு போகும்போது, ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கருவி ஓடுவதாக நினைத்து நாடியைக் கூட்டலாம். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது மேலுடல் அதிகம் அசையாததால், உழைப்பு மிகுந்தும் நாடி கூடாமல் போகலாம். கருவியின் உணர்திறனை ஆளுக்கேற்பத் திருத்த முடியும். இடதுபக்க வயர் உதரவிதானத்தின் நரம்பைத் தூண்டி விக்கல்போல வயிறு துள்ளினால் அதையும் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நான்கு முனைகள் கொண்ட வயராக இருந்தால், தட்டும் முனையை மாற்றியே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். கத்தி வைக்க வேண்டியதில்லை.

எண்களைப் படிக்கவும் மாற்றவும் புரோகிராமர் என்ற இயந்திரம் வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொரு நிறுவனத்தின் புரோகிராமரால் படிக்க முடியாது. ஆகவே கருவியின் நிறுவனமும் மாதிரியும் எழுதிய அட்டை நோயாளியிடம் எப்போதும் இருக்க வேண்டும். அது தொலைந்தால் அவசரத்துக்கு எந்த இயந்திரத்தைக் கொண்டுவருவது என்று தேடுவதிலேயே நேரம் போகும். அந்த அட்டையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்துவைப்பது நல்லது.

கருவி உள்ளவர்கள் அடுத்த தவணையில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். என் கீழறையைக் கருவி எத்தனை வீதம் தட்டுகிறது, அது எனக்கு இருக்கவேண்டிய அளவா? கருவி வைப்பதற்கு முன்னிருந்த ஈ.எஃப் எவ்வளவு, இப்போது எவ்வளவு? நான் செய்யும் வேலைக்கு என் நாடியின் வரம்புகள் பொருந்துகின்றனவா? விடைகளைத் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதிவாங்குங்கள். இளைப்பும் வீக்கமும் குறையவில்லை என்றால் கருவி வைத்தாயிற்று, இனி இவ்வளவுதான் என்று அடங்கிப்போகாதீர்கள்.

சுகாதாரத் துறைக்கு ஒரு கோரிக்கை. புரோகிராமர் மடிக்கணினி அளவில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய இயந்திரம். பயிற்சி பெற்ற ஒருவர் அதோடு குறித்த நாளில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தால், நோயாளிகள் பலர் தனித்தனியாகக் கொழும்புக்கு அலைவது மிச்சமாகும். வீட்டிலிருந்தே தரவுகளை அனுப்பும் தொலைகண்காணிப்பும் உலகில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. பெரும் செலவில் ஒருவரின் நெஞ்சில் கருவியைப் பொருத்திவிட்டு, அதைச் சரிபார்க்கச் சிறுசெலவு செய்யாமல் விடுவது நல்ல நிருவாகமும் அல்ல, நல்ல வைத்தியமும் அல்ல.